கப்பியை ஒட்டிய இடம்

காற்றடைக்கும் படகு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது நிறத்தைத்தான்.

ஆற்றுக்கா குளத்துக்கா என்று நான் கேட்பேன். பச்சையா சாம்பலா என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். மீன் கண்ணுக்குத் தெரியாத நிறம் எது என்று ஒருவர் விசாரித்தார். மீன் படகை அடியிலிருந்து பார்க்கிறது, வானத்துக்கு எதிரே அதற்கு எல்லாப் படகும் கறுப்புதான் என்றேன். அந்தப் பதில் அவருக்கு ருசிக்கவில்லை. நாணல் படம் அச்சடித்த ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போனார். நீங்களும் அதையேதான் வாங்கினீர்கள், கேப்டன். போன வருடம் உங்கள் மைத்துனரோடு வந்திருந்தீர்கள். உள்ளே நுழைந்ததும் என்னைத் தாண்டி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா கடையில?" என்று கேட்டீர்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும் கேட்கிற கேள்விதான். அதற்காகவே கிடங்கில் ஸவேலி இருக்கிறார். மூட்டை தூக்குகிறவர். தண்ணீரைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். பாலத்தில்கூட நட்டநடுவில்தான் நடப்பார். நான் கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "பொண்ணு சரியாத்தான் சொல்லுது" என்பார். அவர் மீசை சொன்னதும் படகு விற்றுவிடும். நான் படித்த படிப்புக்கு அந்த மீசைதான் முத்திரை.

இன்றைக்கு இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. மீன் முட்டையிடும் காலத்துத் தடை நீங்கி, ஊரே விஷெரா ஆற்றில் படகு இறக்கிய அந்த முதல் நாளில், மொட்டைப்பாறைக்குக் கீழே கவிழ்ந்த படகில் ஏதாவது பழுது இருந்ததா. இல்லை. எங்கள் கடையிலிருந்து அதைவிடக் குறையில்லாத படகு போனதில்லை. உங்கள் ஆட்கள் அதைக் கரைக்கு இழுத்தபோதும் காற்று இறங்கியிருக்காது. தட்டிப் பார்த்திருந்தால் மேளம் மாதிரி ஒலித்திருக்கும்.

பழுது இல்லாத படகு ஏன் கவிழ்ந்தது என்பது உங்களுடைய அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அதை நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். தேநீர் ஆறினாலும் பரவாயில்லை, நான் ஆறியதைத்தான் குடிப்பேன்.

படகு விற்பதற்கு நான் படிக்கவில்லை. பெர்ம் நகரில் நீரியல் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அப்பா மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் வேலையில் இருந்தார். அந்த வேலை நின்றதும் குடிக்கிற வேலையில் சேர்ந்தார். அதில் நீண்ட நாள் நீடிக்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா ஸோயாதான் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புக்கு முன்னால் நின்று என்னைப் படிக்க வைத்தாள். அவள் கையில் முழங்கை வரைக்கும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள் இருக்கும். விடுமுறைக்கு வந்தால் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நான் புத்தகத்தைத் திறப்பேன். கூட்டாளிகள் யாரிடமும் இதை மறைத்ததில்லை. தட்டில் வைத்து நீட்டியதும் இல்லை.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. நான் முடித்ததும் அவள் தொடங்க வேண்டும். நான் சம்பாதிப்பேன், அவள் தபால் வழியில் கணக்கியல் படிப்பாள். பிறகு இரண்டு பேரும் பெர்முக்கே போய்விடுவோம். ஜன்னலிலிருந்து ஆலைப் புகைபோக்கி தெரியாத ஒரு வீடு. இதைச் சொன்னது அவள்தான். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு சொன்னாள்.

பட்டத்தோடு திரும்பி வந்தேன். ஆற்று மட்டம் அளக்கும் நிலையத்தில் எனக்கு இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வந்து பார்த்தால் அது பூட்டிக் கிடந்த மரக்குடில். மட்டக்கோலில் யாரோ நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே படகுக் கடை. அதற்கு முன்பே, நான் இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, ஸோயா வதீமைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். தேர்வு கெட்டுவிடக் கூடாதென்றுதான் எனக்குச் சொல்லவில்லையாம்.

வதீம் மர அறுவை ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். தொப்பை, கனத்த குரல், பெரிய கைகள். அவன் அவளை அடித்ததில்லை. நீங்கள் அப்படி ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தச் சிரமம் வேண்டாம். குடிப்பதும் பண்டிகைக்குப் பண்டிகைதான். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பான். அவன் செய்தது வேறு. அவன் சிரிக்க வைப்பான்.

அதிலென்ன இருக்கிறது என்பது போலப் பார்க்கிறீர்கள். கேளுங்கள். நான் வாங்கி வந்த சேர்க்கை விண்ணப்பத்தை ஒருநாள் ஸோயா சமையலறை மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். வதீம் குளித்துவிட்டு வந்தான். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒரு பட்டதாரி போதும்டி. ரெண்டு பேரா ஆயிட்டா சூப்ப யாரு வைக்கிறது? இவ தண்ணிய அளப்பா, நீ உப்ப எண்ணுவ. நான் பட்டினி கெடந்து சாவணும்."

ஸோயா கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். விண்ணப்பத்தின் மேல் வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வைத்தாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் உல்யா" என்றாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வருடம் நான் விண்ணப்பம் வாங்கவில்லை.

அடி என்றால் தழும்பு தெரியும். அக்கம்பக்கம் கேட்கும். உங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஒருத்தியைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே சமையலறையில் உட்கார்த்தி வைத்தால் அதற்கு எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை அவன் பேராசிரியர் என்று கூப்பிடுவான். புத்தாண்டு, ஈஸ்டர், ஸோயாவின் பிறந்தநாள், எதுவானாலும் மேசையில் ஒரே கேள்வி. "தண்ணி கீழ்நோக்கித்தான் ஓடும்னு கண்டுபிடிக்க அஞ்சு வருஷமா ஆச்சு, பேராசிரியரே?" ஒவ்வொரு தடவையும் ஸோயா அதைப் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பாள்.

அவனும் மீன் பிடிக்கிறவன்தான். ஆனால் வாழ்நாளெல்லாம் பிடித்தது பழைய இரும்பாலைக் குளத்தில். அணை போட்டு நிறுத்திய தண்ணீர். அதில் ஒரு தீக்குச்சியைப் போட்டால் மறுநாள் வந்து அதே இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் ஆலையில் இரண்டு பேர் மோட்டார் படகு வாங்கி விஷெராவில் ஹாரியுஸ் மீன் பிடிக்கக் கிளம்பியதும், இவனுக்கும் ஆறு வேண்டியிருந்தது. பனி உருகத் தொடங்கிய சமயத்தில் ஸோயாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். இதற்குச் சாட்சி இருக்கிறது.

"ஆத்துக்குன்னா பின்பலகை ஒசரமா இருக்கறத எடு. பக்கத்து உருளை தடியா இருக்கணும். அடியில முதுகெலும்பு வெச்ச மாதிரி கூரா இருக்கும் பாரு, அது. மோட்டார் சின்னது போதும். பெரிசு மாட்டினா பின்பக்கம் அமுங்கிக்கும்."

"வகுப்பு ஆரம்பிச்சாச்சு," என்றான். "ஸோயா, பேனா எடுத்துட்டு வந்தியா?"

ஸோயா அவன் கையைக் கிள்ளினாள். "சும்மா இருடா, அவ சொல்றதக் கேளு. ஏன் உல்யா, இது நல்லால்லையா? இந்தச் சின்னது?"

"குளத்துக்கு நல்லாருக்கும்."

"அந்த மீசைக்காரர கூப்பிடு. ஆம்பள என்ன சொல்றாருன்னு கேப்போம்," என்றான் வதீம்.

ஸவேலி வந்தார். கேட்டார். பொண்ணு சரியாத்தான் சொல்லுது என்றார். வதீம் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "ஒங்களயும் மயக்கிட்டாளா பெருசு?" என்று சொல்லிவிட்டு, தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு போக வசதியானது என்று அந்தச் சின்னதையே எடுத்தான். பின்பலகை தாழ்வானது. அதற்கு மாட்டுவதற்கு ஆலையில் ஒருத்தனிடம் பழைய மோட்டார் பேசி வைத்திருந்தான், அந்தப் படகுக்கு இரண்டு மடங்கு கனமானது. நிறம் மட்டும் ஸோயா பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். இளம்பச்சை.

இதுவரை நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கவனித்திருப்பீர்கள்.

புதுப் படகு வாங்கினால் வோட்கா ஊற்றி நனைக்காமல் விடுவார்களா. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார்கள். போனால், நான்காம் மாடியில், அவர்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டு, படகைக் காற்றடைத்து வைத்திருந்தான். ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை படகு. தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டுமானால் துடுப்புக்கு மேலே தாண்டிப் போக வேண்டும். படகுக்குள்ளேயே பலகை போட்டு மீன் கருவாடு, ஊறுகாய், உருளைக்கிழங்கு, வோட்கா. பக்கத்து வீட்டுத் தம்பதி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வதீம் பின்பலகையில் முதுகைச் சாய்த்து, கையில் துடுப்போடு. ஸோயா மூக்குப் பக்கத்தில், காலை மடக்கிக்கொண்டு, கழுத்தில் நான் பெர்மிலிருந்து வாங்கி வந்த நீலத் துணியோடு. முதல் கோப்பையைப் படகின் மூக்கில் ஊற்றினார்கள். தரைவிரிப்பு நனைந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் உள்ளே வரக் காலைத் தூக்கினேன்.

"எடமில்ல பேராசிரியரே," என்றான் வதீம், துடுப்பைக் குறுக்கே நீட்டி. "நீங்க கரையில நின்னு ஆத்து மட்டத்த அளந்துகிட்டு இருங்க. ஏறிச்சுன்னா குரல் குடுங்க."

பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரையேறிவிட்டது. ஸோயா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பை நழுவிப் படகுக்குள் உருண்டது. "அய்யோ வாதிக், போதும்டா, வயிறு வலிக்குது" என்றாள். வதீமை அவள் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவாள். பிறகு எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள், படகுக்கு வெளியே. நான் அதில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். அவள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவளைச் சிரிக்க வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையின் ஓரத்தைத் தட்டிச் சொன்னான்.

"நங்கூரக் கயிறு ஓடற கப்பிய இங்க ஒட்டிக் குடு. என் கைகிட்ட. ஒவ்வொரு தடவையும் மூக்கு வரைக்கும் தவழ்ந்து போக இந்தத் தொப்பைக்கு ஆகாது."

"பின்னாலயா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

"பின்னாலதான். கொளத்துல பின்னாலதான் போடுவேன். ஒட்டறது ஒன் வேல. யோசிக்கறது எங்க வேல."

குளத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். நிற்கிற தண்ணீரில் நங்கூரத்தை எங்கே கட்டினாலும் ஒன்றுதான். ஓடுகிற தண்ணீரில் அப்படியில்லை. மூக்கில் கட்டினால் படகு ஆற்றுக்கு எதிரே திரும்பி நிற்கும்; உயர்ந்த மூக்கு தண்ணீரை இரண்டாகப் பிளந்து விட்டுக்கொண்டிருக்கும். பின்னால் கட்டினால் தட்டையான பின்பலகை ஆற்றுக்கு முகம் காட்டும். அங்கேதான் மோட்டார், அங்கேதான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள். ஏற்கெனவே அமுங்கிய இடத்தை நங்கூரக் கயிறு இன்னும் கீழே இழுக்கும். தண்ணீர் பலகையில் ஏறும். ஒரே ஒரு அலை உள்ளே வந்தால் போதும், அடுத்ததற்கு வழி அகலமாகிவிடும். கயிற்றை விட்டுவிடலாமே என்றால், அந்த இழுப்பில், கயிற்றைப் பிடித்திருக்கும் கப்பியின் பூட்டை எந்தப் பெரிய கையாலும் திறக்க முடியாது. காற்றடைத்த படகு மூழ்காது, கேப்டன். கடையில் இதைச் சொல்லித்தான் விற்கிறோம், அது உண்மையும்கூட. அது கவிழும். மூழ்குவது மனிதர்கள்.

உங்கள் படகில் கப்பியை மூக்கில்தான் ஒட்டினேன். கவலைப்பட வேண்டாம்.

மறுநாள் அவன் படகைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அன்று நான் செய்த வேலையை நீங்கள் அதிகாரிகளிடம் காட்டலாம். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். கரைப்பானால் துடைத்தேன். பசையை மெல்லியதாக ஒரு தடவை பூசி, காய விட்டு, மறுபடி பூசினேன். சூடான காற்றைக் காட்டி, கப்பியின் அடித்தட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்தினேன். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இல்லை. அவசரமாக ஒட்டுகிறவர்களின் கப்பி ஆற்றில் பிய்ந்துகொண்டு போகும். நங்கூரம் போச்சே என்று புலம்பிக்கொண்டு உயிரோடு வீட்டுக்கு வருவார்கள். நான் ஒட்டியது பிய்யாது. கெட்ட வேலை எனக்குச் செய்ய வராது.

உங்கள் நிபுணர் அந்த ஒட்டைப் பாராட்டினதாக வெளியே நடையில் கேள்விப்பட்டேன். அது பிய்ந்திருந்தால் இன்றைக்கு நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

படகை எடுக்க வந்தபோது வதீம் அந்த இடத்தை ஆட்டிப் பார்த்தான். "பரவால்லயே, கைவேல வருதே. அஞ்சு வருஷத்த வீணாக்காம அப்பவே இதுக்கு வந்திருக்கலாம்" என்றான். நான் வழக்கப்படி, "வாலும் மாட்டாது, செதிலும் மாட்டாது" என்று, கண் படாமலிருக்கச் சொல்லும் அந்தத் தலைகீழ் வாழ்த்தைச் சொன்னேன். அவனும் வழக்கப்படி, "நாசமாப் போ" என்று சொல்லிவிட்டுப் படகைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மீன் பிடிக்கப் போகிறவனிடம் ஆபத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நம் ஊரில் எல்லோரும் கடைப்பிடிக்கிற பழக்கம். வாயைத் திறந்து சொன்னால் நடந்துவிடும் என்பார்கள். நான் அதை நம்புகிறவள் அல்ல. ஆனால் ஒருமுறையாவது ஊர் வழக்கத்தை மதித்தேன்.

அவன் எப்போதும் தனியாகத்தான் மீன் பிடிப்பான். குளத்தில் அப்படித்தான். இதை நீங்கள் யாரிடமும் விசாரிக்கலாம். பேசிக்கொண்டே இருப்பவன், தூண்டில் கையில் இருந்தால் மட்டும் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ள மாட்டான். அதனால்தான் அது சுத்தமான கணக்காக இருந்தது.

தடை நீங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸோயா கடைக்கு வந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிவந்து. ரொட்டி வாசனை அடித்தது. ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"உக்கார ஒரு திண்டு வேணும் உல்யா. பலகை குத்துமாம். வாதிக் என்னயும் கூட்டிட்டுப் போறான், தெரியுமா? தண்ணி தெறக்குற மொத நாளு, ஊரே வருது, நீயில்லாம எப்படின்றான்."

"ஒனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே."

"யாரு பிடிக்கப் போறா? அவன் பிடிப்பான். நான் சூப்பு வைப்பேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "நீயும் வாயேன். கரையில அடுப்பு மூட்டுவோம். நம்ம அப்பா கட்ட கட்டின எடத்துக்குப் பக்கத்துலதான்."

எனக்குக் கடை இருக்கிறது என்றேன். இருந்தது.

திண்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு அலமாரியிலிருந்து ஓர் உயிர்காப்பு உடுப்பை எடுத்தேன். ஆரஞ்சு நிறம், பெண்களுக்கான அளவு, கடையில் இருந்ததிலேயே நல்லது. இது என் பரிசு, படகில் ஏறும் முன்பே போட்டுக்கொள் என்றேன்.

"எனக்கா? எனக்கு எதுக்குடி? கட்டைக்கு நடுவுல நீந்திக் கத்துக்கிட்டவ நான். வாதிக்குக்குத்தான் நீச்சல் வராது. குளிக்கற தொட்டியிலயே பயப்படுவான்."

"அவனுக்கு இதெல்லாம் சுற்றுலாக்காரங்க போடறதாச்சே. கேலி பண்ணுவான். நீ போட்டுக்கோ."

"சரி, என் பேராசிரியரே," என்றாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

என் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, கேப்டன். ஒரு முழு விநாடி நான் யோசித்தேன். ரசீது போடும் நேரத்தில் யோசித்து முடித்தேன். அவளுக்கு உடுப்பு இருக்கிறது, நீச்சலும் தெரியும். அவனுக்கு இரண்டும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பயப்படுவாள், கரையேறுவாள், அழுவாள். இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் தருவார்கள். கணக்கியல்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். படகு என் ஒட்டில் தொங்கிக்கொண்டு மொட்டைப்பாறைக்குக் கீழே அப்படியே நின்றது. கீழ்த் திருப்பத்தில் மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தது வதீம். உயிரோடு, ஆரஞ்சு உடுப்போடு. அது அவன் உடம்பில் பாதிக்குக்கூட எட்டவில்லை. எட்டாத பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு துணியால் முடிச்சுப் போட்டிருந்தது. உங்கள் மேசையில் பைக்குள் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த நீலத் துணி. அது நான் வாங்கிக் கொடுத்தது. கரையிலேயே ஸோயா அவனுக்கு அதை மாட்டிவிட்டாளாம். நீச்சல் வராதது எனக்கா ஒனக்கா குண்டா என்று கேட்டாளாம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டானாம்.

ஸோயாவை இரண்டு நாள் கழித்து எடுத்தீர்கள். தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸில் தண்ணீர் நிறைந்தால், பனி உருகிய ஆற்றில், கட்டைக்கு நடுவில் நீந்தக் கற்றவளாலும் முடியாது. பூட்ஸை நான் விற்கவில்லை. அதை நான் பார்க்கவே இல்லை.

பெண்கள் அளவு என்று தெளிவாக எழுதியிருந்தது. எதற்காக அவனுக்கு மாட்டினாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை வரச்சொன்னது படகின் தரத்தைப் பற்றிக் கேட்க மட்டும்தான். கேட்டுவிட்டு அனுப்பியிருப்பீர்கள். ஆனால் நடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து அறையிலிருந்து வதீமின் குரல் கேட்டது. "எல்லாம் என்னாலதான். நான்தான் பின்னால ஒட்டச் சொன்னேன். நான்தான் அவள கூட்டிட்டுப் போனேன். நான்தான் கொன்னேன்" என்று திரும்பத் திரும்ப ஒரே பாட்டு. எருமை மாதிரி அழுகை. நீங்களும் அதையே தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள். கவனக்குறைவால் மரணம். அவனுக்கு அது ஒத்தும் போகும். ஊரே அவனுக்காக அழும், கரையில் சிலுவை நட்டு வோட்கா ஊற்றும்.

அதை என்னால் விட முடியவில்லை. அவனுக்கு என்ன தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும், பலகை எவ்வளவு தாங்கும், பசை எத்தனை பலத்தைப் பிடிக்கும், எதுவும் தெரியாது. அவன் இடத்தைத் தொட்டுக் காட்டினான். அவ்வளவுதான் அவன் பங்கு. அந்த இடத்தில் கப்பி இருந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் தெரிந்திருந்தது ஒரே ஒருத்திக்கு, அவள் முக்காலியில் படகுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அதற்கு ஐந்து வருடப் படிப்பு வேண்டியிருந்தது. அதைப் போய் ஒரு மர அறுவை ஆலைக்காரனின் கவனக்குறைவு என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, நல்ல பசையில். இதை அப்படியே எழுதுங்கள், சொற்களை மாற்ற வேண்டாம்.

அவனைக் கொல்லத்தான் செய்தேன், அதுவும் ஸோயாவுக்காகச் செய்தேன். இதையும் எழுதுங்கள். அவளுக்காக நான் செய்யாதது எதுவும் இல்லை.

ஆனால் நீங்கள் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். முந்தின நாள் சாயங்காலம், திண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முன்னால் நின்றபோது, ஏன் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும். ஸோயா, அந்தக் கப்பிய மூக்குக்கு மாத்தணும், காலையில எடுத்துட்டு வரச்சொல்லு. சொல்லியிருந்தால் காலையில் வந்திருப்பான். நானும் மாற்றி ஒட்டியிருப்பேன். ஒரு மணி நேரத்து வேலை.

அதைப் பற்றி நானும் யோசித்தேன். நேர்மையாகச் சொல்கிறேன். அவள் வீட்டுக்குப் போய் வதீமிடம் சொல்லியிருப்பாள். மறுநாள் ஆற்றங்கரையில், ஊரே கூடியிருக்கும் இடத்தில், அவன் ஆரம்பித்திருப்பான். பேராசிரியர் தப்பா ஒட்டிட்டுத் தூங்கவே இல்லையாம், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அவங்களுக்கே சந்தேகமாம். அந்தக் கதை இந்த வருடம் முழுக்க எல்லா மேசையிலும் ஓடியிருக்கும். அதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சிரிப்பு எனக்குப் பழகியதுதான்.

அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.